வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆறு வருடம் ஒரு வேலையைச் செய்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் போனதும் விட்டேன். விட்டது சரியா என்று இன்னும் வாரத்துக்கு ஒரு முறையாவது யோசிக்கிறேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பவித்ரா அடிக்கடி போன் செய்வாள். போன மாதம் ஒரு பட்டியலை அனுப்பினாள். நோயாளியின் வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வரும் தாளை இதுவரை நாங்கள் கையால் எழுதிவந்தோம். இனி அச்சிட்டே கொடுக்கப் போகிறார்களாம். அதில் வரவேண்டிய வாசகங்களை அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் ஏழாவதாக இருந்தது, ‘வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது’. அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டாள். போனில் சொல்ல முடியவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

நோய் இனித் தீராது என்று மருத்துவமனை அனுப்பிவிட்டவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. வலிக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, படுக்கையில் திருப்பிப் போடுவது எப்படி, வாயைச் சுத்தம் செய்வது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது. மூன்று வருட நர்சிங் படிப்பு, இரண்டு வருடம் ஓர் அறுவைச் சிகிச்சை வார்டு, அதன் பிறகு இங்கே வந்தேன். மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் அலுவலகம். வேலைக்குச் சேர அதுதான் முதல் காரணம் என்று நேர்முகத் தேர்வில் சொல்லாமல் விட்டேன்.

முதல் மாதம் நீலசந்திராவில் ஒரு வீடு. எங்கள் வண்டியின் பக்கவாட்டில் அமைப்பின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். வீட்டார் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். பெயரைப் படித்தால் அக்கம்பக்கத்தில் கேள்வி வரும். பையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்க் குடங்களுக்கு நடுவே நடந்து போவோம். அந்த வீட்டில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை செய்தவர் ஒருவர் படுத்திருந்தார். நுரையீரலில் நோய். எது வேண்டும் என்று கேட்டேன். ஷேவிங் என்றார். எனக்குப் பழக்கமில்லை, முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார், “ஒரு கோட்டுதான் அடிச்சிருக்கு. செகண்ட் கோட்டுக்கு நாளைக்கு வரச் சொல்லு.” அடுத்த வீட்டுக்குத் தாமதமாகிவிட்டது. திட்டு விழும் என்று பயந்துகொண்டே அலுவலகம் திரும்பினேன்.

திட்டு விழவில்லை. எங்கள் பொறுப்பாளர் ஷாந்தம்மா மேடம் திட்டுவதே கிடையாது. அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார், இடையில் கன்னடம் வரும். வீட்டுக்குள் நுழையும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். நோயாளி நம் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்பார். அவர் உட்காரும் இடம் தரைதான், அல்லது கட்டில் ஓரம். குறிப்பேட்டில் ஒரு வார்த்தை தவறாக எழுதினால் கிழிக்கவோ மை பூசவோ விடமாட்டார். ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்த வார்த்தை படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து, தேதி, மணி. எழுதியவர்தான் அடிக்கலாம். அவரே மேலதிகாரி என்றாலும் எங்கள் தாளில் பேனா வைக்கமாட்டார்.

சுவர்த் தாளுக்கும் அவரிடம் ஒரு விதி இருந்தது. செய்யக் கூடாததை எழுதாதே, செய்ய வேண்டியதை எழுது. “பேடா எழுதினா பயந்துக்குவாங்க ரேவதி. பேக்கு எழுதுங்க,” என்பார். வேண்டாம் என்பதை விட்டுவிட்டு வேண்டும் என்பதை எழுது என்று பொருள். ஆறு வருடத்தில் இந்த விதியை நான் ஒரே ஒரு முறை மீறினேன்.

ஆரோக்கியசாமி லிங்கராஜபுரத்தில் இருந்தார். நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. தொண்டையில் புற்றுநோய். குரல் போய்விட்டது, காற்று மட்டும் வரும். மகன் காலையில் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடித்துப் போய்விடுவார். முழுப் பொறுப்பும் மருமகள் ஸ்டெல்லாவுடையது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் தாளில் டிக் போட்டு, நேரமும் எழுதி வைத்திருப்பார். ஐந்து நிமிடம் தள்ளிப்போனால் அதையும் எழுதுவார். இப்படி ஒரு வீடு கிடைத்தால் நர்சுக்குப் பாதி வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

மூக்கு வழியாகக் குழாய் போட அவர் சம்மதிக்கவில்லை. மாத்திரை விழுங்க முடியாமல் போனதும் மேல் கையில் தோலுக்கடியில் சின்ன ஊசி ஒன்றைப் பதித்தோம். நாங்கள் சிரிஞ்சில் மருந்தை நிரப்பிவைத்துவிட்டு வருவோம், ஸ்டெல்லா நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாக அதில் செலுத்துவார். கஞ்சி, காப்பி எல்லாம் ஸ்பூனில், துளித்துளியாக.

ஒரு வியாழக்கிழமை நான் போய் நின்றபோது காப்பி புரையேறி அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். பக்கவாட்டில் சாய்த்து, வாயில் இருந்ததை விரலால் எடுத்து, முதுகைத் தட்டி, நிறம் திரும்ப ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஸ்டெல்லாவின் கையில் ஸ்பூன் இன்னும் இருந்தது.

அந்த வாரம்தான் என் மகனுக்கு ராகிக் கூழ் ஆரம்பித்திருந்தோம். அவனுக்கு ஏழு மாதம். ஒவ்வொரு வாய்க்கும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாமியார் ஊட்டினால் பக்கத்தில் நிற்பேன், அவர் எரிச்சலாகி, “நீயே ஊட்டிக்கோம்மா” என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவார். அன்று லிங்கராஜபுரத்தில் எனக்கு ஏற்பட்ட பயத்தில் எவ்வளவு ஆரோக்கியசாமிக்காக, எவ்வளவு என் மகனுக்காக என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்தேன். வார்டில் ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் கட்டிலில் மாட்டும் அட்டையில் ஒரு வரி இருக்கும். அதையே எழுதினேன். வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது. அடியில் இரண்டு கோடு. மருந்து மேசைக்கு மேலே, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, போட்டோ எடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். ஷாந்தம்மா மேடம் சரி என்று கட்டைவிரல் அடையாளம் போட்டார்.

திங்கட்கிழமை மறுபடி போனேன். வாய் சுத்தம் செய்ய வேண்டும். சோடா மாவு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, கடைசியில் நாக்கு. முன்பெல்லாம் நான் விரலைக் காட்டினாலே வாயைத் திறந்துவிடுவார். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். கண்ணை மூடினார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். வியாழனுக்குப் பிறகு எப்படி இருந்தார் என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். சனிக்கிழமைவரை நன்றாக இருந்தார், நேற்றிலிருந்துதான் இப்படி என்றார். நேற்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. தாடை இறுகியிருப்பது, முகத்தைத் திருப்புவது, தொடவிடாமல் இருப்பது, பேச முடியாதவர்களிடம் வலியைக் கண்டுபிடிக்க நாங்கள் பார்க்கும் அடையாளங்கள் இவை. எல்லாம் இருந்தன. டாக்டரைப் போனில் அழைத்து வரிசையாகச் சொன்னேன். மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார். சிரிஞ்சுகளை மாற்றி நிரப்பிவைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் இமை அசைந்தது, திறக்கவில்லை. வாயை எளிதாகத் திறக்க முடிந்தது. சுத்தம் செய்தேன். இப்போது அமைதியாக இருக்கிறார், வலி குறைந்திருக்கிறது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

“ஞாயித்துக்கிழமையே இப்பிடி தூங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும் சிஸ்டர். நற்கருணை திரும்பிப் போனத பாத்திருக்க மாட்டாரு.”

எனக்குப் புரியவில்லை. நான் இந்து. ஆறு வருடம் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளுக்குப் போயிருக்கிறேன், கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கேட்டபோது ஸ்டெல்லா விளக்கினார். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். மெல்லிய வட்டமான அப்பம். அவர்களுக்கு அது அப்பம் இல்லை, ஆண்டவரின் உடல். ஜெரால்ட் என்பவர் எட்டு மாதமாக ஒரு வாரம் தவறாமல் சின்ன டப்பியில் கொண்டுவந்தார். இந்த ஞாயிறும் வந்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆரோக்கியசாமி வாயைத் திறந்துவிட்டார். அப்போது ஸ்டெல்லா சுவரைக் காட்டினார். ஜெரால்ட் இரண்டு முறை படித்தார். டப்பியை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

“நீங்க ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்தீங்க. அதுக்கு மேல நான் எப்பிடி சிஸ்டர் குடுப்பேன்?”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. சரியாகத்தானே செய்தேன் என்று என்னிடம் உறுதி கேட்கும் குரல்.

நான் வராந்தாவுக்கு வந்து ஷாந்தம்மா மேடத்தை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு, போட்டோவை நானும் பார்த்தேன், கட்டைவிரல் போட்டேன், படிக்கவில்லை என்றார். அந்த வரி ஆபரேஷனுக்குப் போகிறவனுக்கு எழுதுவது, அவனுக்கு நாளைக்குச் சாப்பாடு உண்டு என்றார். ஒரு துணுக்கு கொடுத்தால் புரையேறாதா என்று கேட்டேன். ஏறலாம் என்றார். ஏறிவிட்டால்?

“ஏறினா நீங்க பக்கத்துல இருப்பீங்க. தாள் உங்களுது ரேவதி. நீங்கதான் அடிக்கணும்.”

உள்ளே போய் அந்த வரியின் மேல் ஒரே கோடு போட்டேன். கையெழுத்து, தேதி, பதினொன்று நாற்பது. கீழே நீல மையில் எழுதினேன்: ‘தலையை உயர்த்தி, தாடையை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, நற்கருணை சிறு துணுக்கு கொடுக்கலாம். சிஸ்டர் இருக்கும்போது.’ ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டு உடனே ஜெரால்டுக்குப் போன் செய்தார். அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்து, கோயிலில் வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

இப்போது பிரச்சினை தூக்கம். விழித்திருந்து, தெரிந்து வாங்கினால்தான் கொடுப்பார்களாம். அவரைத் தூங்கவைத்தது, நான் சொன்னதை வைத்து டாக்டர் கூட்டிய மருந்து. டாக்டரை மறுபடி அழைத்து, திங்கட்கிழமை நான் சொன்னது வலியாக இல்லாமல் இருக்கலாம் என்றேன். அவர் இரண்டு மணி ஊசியைப் பழைய அளவுக்கே குறைக்கச் சொன்னார். விழிப்பார் என்று உறுதி இல்லை, இந்தத் தூக்கம் மருந்தால் மட்டும் வந்ததாக இல்லாமல் நோயே முற்றியதாலும் இருக்கலாம் என்றார். எது என்று அப்போதும் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

மீதி இரண்டு வீடுகளை வேறு நர்சுக்கு மாற்றிவிட்டு அங்கேயே இருந்தேன். அவரைத் திருப்பிப் படுக்கவைத்தோம், முதுகைத் துடைத்தோம். ஸ்டெல்லா எனக்குச் சோறு போட்டார். மூன்று மணிக்கு மேல் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. குளியலறையில் பீய்ச்சிவிட்டு வந்தேன். வீட்டில் மகன் அழுகிறானா என்று போன் செய்தேன். நீ போன் செய்தால்தான் அழுகிறான் என்றார் மாமியார்.

நான்கு மணிக்கு ஆரோக்கியசாமி முனக ஆரம்பித்தார். புருவம் சுருங்கியது. இந்த முறை வலிதான், சந்தேகமில்லை. இடையில் வலி வந்தால் கொடுக்க ஒரு சிரிஞ்ச் தனியாக எப்போதும் நிரப்பி வைத்திருப்போம். அதைக் கொடுத்தால் வலி போகும், விழிப்பும் போகும். ஸ்டெல்லா அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஆரோக்கியசாமியின் காதில் கேட்டேன்.

“அப்பா, ஜெரால்ட் அண்ணன் நற்கருணை கொண்டு வர்றாரு. ஊசி இப்ப போடவா, அது வாங்கின பிறகு போடவா?”

அவர் கை போர்வையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. உள்ளங்கை கீழ்ப்பக்கம் பார்த்திருக்க, ஒரு முறை அசைந்து விழுந்தது.

“இருன்னு சொல்றாரு,” என்றார் ஸ்டெல்லா. “வண்டி ஓட்டும்போது பின்னாடி வர்றவனுக்கு அப்பிடித்தான் காட்டுவாராம். மாமா எங்ககிட்டயும் பேசற காலத்துலயே பாதிக்கு மேல கையாலதான் பேசுவாரு.”

வலியில் கை தானாகவும் அசையும். எனக்கு அது தெரியும். ஸ்டெல்லா சொன்னதை ஏற்றுக்கொண்டேன். சிரிஞ்சை மேசையில் வைக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். கால் மணிக்கொரு முறை நாடி பார்த்தேன், பார்த்து ஆகவேண்டியது எதுவும் இல்லை. இதையே வேறு ஒரு நர்ஸ் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு ஐந்துக்கு ஜெரால்ட் வந்தார். வேலைச் சட்டையை மாற்றி, தலைக்குத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். தாளைப் போய்ப் படித்தார், அடித்த வரியையும் சேர்த்து. மூன்று தலையணை வைத்து ஆரோக்கியசாமியை உயர்த்தினோம். என் இடது கை அவர் பின்தலையில். தாடையைத் தாழ்த்திப் பிடித்தேன். ஸ்டெல்லா கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு நின்றார். ஜெரால்ட் ஜெபம் சொன்னார். “அண்ணே, வந்துட்டேன்,” என்று மெதுவாகக் கூப்பிட்டார். ஆரோக்கியசாமியின் கண்கள் கோடாகத் திறந்தன. ஜெரால்ட் அப்பத்தில் அரிசிக் குருணை அளவுக்குக் கிள்ளி எடுத்தார்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

வாய் திறந்தது. துணுக்கு நாக்கில் பட்டது. ஸ்பூனில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தொண்டை மேலே ஏறவில்லை. ஏறவில்லை. பிறகு ஏறி இறங்கியது. இரண்டு முறை இருமினார். உதட்டு ஓரத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். பிறகு ஊசியைப் போட்டேன்.

வருகைக் குறிப்பில் எழுதியது: சிறு துணுக்கு, தண்ணீர் இரண்டு சொட்டு, விழுங்கினார், இருமல் இருமுறை, நிறமாற்றம் இல்லை.

அவர் வெள்ளிக்கிழமை காலை இறந்தார்.

இறப்புக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். மீதி மருந்தைத் திரும்ப வாங்குவதும், வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதும். ஷாந்தம்மா மேடமும் நானும் போனோம். கட்டிலை மடித்து நிறுத்தியிருந்தார்கள். ஸ்டெல்லா இளைத்திருந்தார். மருந்துகளை ஏற்கெனவே எண்ணி, கவரில் போட்டு, பட்டியல் எழுதி வைத்திருந்தார். மேடம் தரையில் உட்கார்ந்து அதைச் சரிபார்த்தார். ஸ்டெல்லா என் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டார்.

“சிஸ்டர், நற்கருணை வாங்குறவங்க ஆமென் சொல்லணும். அன்னிக்கு மாமா சொன்னாரா? உதடு அசைஞ்சுதா? நான் பின்னாடி நின்னேன், தெரியல. ஜெரால்ட் அண்ணனக் கேட்டேன். துணுக்கு கீழ விழுந்துடக் கூடாதேன்னு விரலத்தான் பாத்தேன்னுட்டாரு. நீங்கதான் மூஞ்சிக்கு நேரா இருந்தீங்க. ஞாயித்துக்கிழமை நான் திருப்பி அனுப்பினேன்ல. அதான் கேக்குறேன்.”

நான் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்குவதையும், நிறத்தையும், மூச்சையும் சொல்லச் சொன்னால் இன்றும் வரிசையாகச் சொல்வேன். உதடு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

“சொன்னாரும்மா. அசைஞ்சுது. நான் பாத்தேன்,” என்றேன்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வண்டியில் மேடம் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். பாலத்தைத் தாண்டும்போது வருகைப் படிவத்தை எடுத்து மடியில் வைத்தார். பிறகு, “நோடிதீரா?” என்று கன்னடத்தில் கேட்டார். நிஜமாகவே பார்த்தீர்களா என்று.

“இல்ல மேடம்.”

அவர் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. மடியில் இருந்த படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். அதில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: குடும்பத்தாரின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கப்பட்டதா. ‘ஆம்’ என்பதில் டிக் போட்டு, கையெழுத்துக்காக என் பக்கம் நீட்டினார். போட்டுக்கொடுத்தேன்.